அரங்கில் எல்லார்க்கும் இடம் உண்டா?
கற்றல் சிக்கலுடையோருக்கான நாடகமும் புதிய தொழில்நுட்பமும்

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாக வகுத்துப் பெருமை பேசும் இனம் நம் இனம். தமிழ்ப்பள்ளியில் படித்த நாள்களில் இம்மூன்றையும் நாம் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறோம். ஆனால், அந்த மூன்றாவது தமிழ் எல்லாத் தமிழருக்கும் கிடைக்கிறதா என்ற கேள்வி எனக்குள் எழுந்ததே இல்லை. அதை எழுப்பியவன் என் தம்பி.

2018-ஆம் ஆண்டு. நான் மூன்றாம் படிவ மாணவி. கெடா மாநிலத்தின் ஒரு பட்டணத்து மண்டபத்தில் தமிழ் நாடகப் போட்டி நடந்தது. எனக்குத் தோழி வேடம், மூன்றே வசனம். அம்மா விடியற்காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, எட்டு வயதுத் தம்பியைக் குளிப்பாட்டி, இரண்டு பேருந்து மாறி அழைத்து வந்தார். அவனுக்கு ஆட்டிசம் உண்டு. நாடகம் தொடங்கியது. மண்டபம் சட்டென்று இருண்டது. ஒலிபெருக்கியில் இடி முழங்கியது. தம்பி காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான்.

பொறுப்பாளர் ஒருவர் வந்தார். "பையன கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மண்டபத்தில் இருந்த அனைவரும் அப்படித்தான் நினைத்திருப்பர். திரைக்குப் பின்னால் நின்ற நானும் "அம்மா அவனைக் கூட்டி வராமலே இருந்திருக்கலாமே" என்றுதான் நினைத்தேன். அம்மா, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் தம்பியோடு முக்கால் மணி நேரம் நின்றார். நான் மேடையில் நடித்ததை அவர் பார்க்கவே இல்லை.

அன்று தவறு செய்தது தம்பியா, மண்டபமா? இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடும் ஒரு முயற்சி.

யார் இந்தப் பார்வையாளர்கள்?

நம் நாட்டில் சமூக நலத் துறை, மாற்றுத்திறனாளிகளை ஏழு பிரிவுகளாகப் பதிவு செய்கிறது. அவற்றுள் ஒன்று கற்றல் சிக்கல். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும், அறிவுத்திறன் குறைபாடு, டிஸ்லெக்சியா ஆகியவை இப்பிரிவில் அடங்கும். நம் பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்ட வகுப்பில் பயிலும் பிள்ளைகளுள் பலர் இவர்களே. பள்ளி வளாகத்தின் ஒரு மூலையில் அவ்வகுப்பு இருக்கும். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு படித்த நான், அந்த மூலைக்கு எத்தனை முறை போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

இவர்கள் அனைவரின் தேவையும் ஒன்றன்று. டிஸ்லெக்சியா உள்ள மாணவனுக்கு மேடையில் நடப்பது புரியும். கையேட்டை வாசிப்பதும் திரையில் ஓடும் எழுத்தைத் தொடர்வதும்தான் கடினம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுள் பலருக்குக் கேட்கும் திறனும் குறைவாக இருப்பதுண்டு. மிகைத்துடிப்புள்ள பிள்ளைக்கு ஒரே நாற்காலியில் ஒரு மணி நேரம் அமர்வதே தண்டனை.

ஆட்டிசத்தில் புலன்களின் பங்கு பெரிது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோய் அறிகுறிக் கையேடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிகையாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் கைத்தட்டல் சிலருக்குக் காதருகே வெடித்த பட்டாசு போன்றது. வேறு சிலருக்கோ ஒலியும் அசைவும் போதவே போதாது. சுழன்று, குதித்து, தட்டித் தேடிக்கொள்வர். இவ்விரு வகையினரும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கலாம்.

நாடக மண்டபத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். முன்னறிவிப்பின்றி விளக்கு அணைகிறது. எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் ஒலி வருகிறது. பேசக்கூடாது, எழக்கூடாது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. நமக்குச் சுவையூட்டும் அந்த 'எதிர்பாராமை'தான் என் தம்பிக்கு அச்சமூட்டுகிறது.

கூத்துக்களம் அப்படி இருந்ததில்லை

என் பாட்டி பீடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். மாரியம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த அரிச்சந்திரன் நாடகத்தைப் பற்றி இன்றும் பேசுவார். பாய் விரித்து அமர்வார்களாம். பிள்ளைகள் பாதியில் உறங்கி, மயான காண்டத்தில் எழுவார்களாம். கச்சான் விற்பவர் நடுவில் நடப்பாராம். "மூள சரியில்லாத பையன் ஒருத்தன் இருந்தான். கூத்துக்காரங்க கூடவே ஆடுவான். யாரும் வெரட்ட மாட்டாங்க" என்றார் ஒருநாள். பாட்டியின் சொல் பழையது. ஆனால் அவர் காட்டிய அரங்கம் நம்முடையதைவிடப் பரந்தது.

தெருக்கூத்தின் இலக்கணத்தை எண்ணிப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். களத்தைச் சுற்றி மக்கள் அமர்கிறார்கள்; போகலாம், வரலாம். புதிய பாத்திரம் திடீரென்று குதிப்பதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, தான் யார் என்பதைப் பாடிச் சொல்லிவிட்டுப் பிறகே முகம் காட்டுகிறது. கட்டியங்காரன் இருக்கிறான்; நடந்ததையும் நடக்கப் போவதையும் எளிய பேச்சுத் தமிழில் திரும்பத் திரும்பச் சொல்கிறான். முன்கூட்டியே அறிவித்தல், எளிய மொழியில் மீண்டும் கூறுதல், அசைய இடம் கொடுத்தல் ஆகியவற்றைத்தான் இன்றைய மேல்நாட்டு அரங்குகள் 'அனைவர்க்குமான நாடகம்' என்ற பெயரில் கற்றுக்கொள்கின்றன.

நம் மாநிலத்து மலாய் மரபும் இதற்கு விலக்கன்று. குபாங் பாசு மாவட்டத்து வாங் தெப்பூஸ் கிராமத்தின் மெக் மூலோங் நாடகமும் சுற்றி அமர்ந்து பார்க்கும் ஆட்டமே. ஆக, பார்வையாளரைச் சூழ்ந்துகொள்ளும் அரங்கம் கெடாவுக்குப் புதிதன்று. இருட்டு மண்டபமும் வரிசை நாற்காலியும்தான் பின்னால் வந்தவை.

ஆனால் பழங்கூத்தை அப்படியே மீட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. பறையும் ஒலிபெருக்கியும் என் தம்பியை அங்கிருந்தும் ஓட வைக்கும். கூத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் சுதந்திரத்தை. ஒலியையும் ஒளியையும் அளந்து கொடுக்க உதவுவது தொழில்நுட்பம்.

விளக்கை முழுதும் அணைக்காத நாடகங்கள்

2011-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'தி லயன் கிங்' இசை நாடகம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் தனிக் காட்சியாக நடத்தப்பட்டது. பிராட்வேயில் அதுவே அத்தகைய முதல் காட்சி. கதை மாறவில்லை, நடிகர்களும் மாறவில்லை. உரத்த ஒலிகளைத் தணித்தார்கள். கண்ணில் வெட்டும் ஒளியைக் குறைத்தார்கள். இடையில் எழுந்து போய் ஓய்வெடுக்க இடம் ஒதுக்கினார்கள். பிள்ளை கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. ஏனென்றால் வந்திருந்த எல்லாரும் அதை அறிந்தவர்கள். இத்தகைய காட்சிகளை ஆங்கிலத்தில் 'ரிலாக்ஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்கிறார்கள். நாம் 'இளகிய காட்சி' எனலாம்.

இக்காட்சிகளில் பயன்படும் ஓர் எளிய கருவி படக்கதை. நாடகத்திற்கு வருமுன்பே வீட்டுக்கு அனுப்பப்படும் சில பக்கங்கள்: இதுதான் வாசல், இவர்தான் சீட்டு வாங்குபவர், இங்கேதான் கழிவறை, இந்த இடத்தில் ஒரு பெரிய சத்தம் வரும், பிறகு நின்றுவிடும். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதை' முறையை ஒட்டியது இது. இன்று இதையே 360 பாகைப் படமாகக் கைப்பேசியில் எடுத்து அனுப்ப முடியும். பிள்ளை வீட்டில் அமர்ந்தபடி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிடுவான். புதிய இடம், பார்த்த இடமாகிவிடும்.

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு நாடகம்

இருக்கும் நாடகத்தை இளக்குவது ஒரு வழி. இந்தப் பிள்ளைகளுக்காகவே நாடகத்தை ஆக்குவது இன்னொரு வழி. இதில் முன்னோடி, 1981-ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பட்ட 'ஆய்லி கார்ட்' நாடகக் குழு. ஆழ்ந்த கற்றல் சிக்கலுடைய பிள்ளைகளுக்காகச் சிறப்புப் பள்ளிகளுக்கே சென்று அவர்கள் நடத்தும் நாடகங்களில் வசனம் குறைவு. வாசனை, தொடுகை, அதிர்வு, இசை ஆகியவை மிகுதி. வெந்நீர்க் குளத்திலும், குதிமெத்தையிலும்கூட நாடகம் நடத்தியிருக்கிறார்கள். பார்வையாளர் எண்ணிக்கை மிகச் சிறியது. சில காட்சிகளில் ஆறு பிள்ளைகளே. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பாட்டில் வைத்துப் பாடுவது அவர்கள் வழக்கம்.

இதற்கு அடிப்படையான சிந்தனை நெதர்லாந்தில் தோன்றியது. 1970-களில் அங்குள்ள ஓர் இல்லத்தில் பணியாற்றிய ஹுல்செக்கா, வெர்ஹூல் ஆகிய இருவர், மெல்லிய ஒளி, குமிழி எழும் நீர்க்குழாய், மிருதுவான பரப்பு, இசை ஆகியவை கொண்ட அறையை அமைத்தனர். 'ஸ்னூசலன்' என்பது அதன் பெயர். மோப்பம் பிடித்தல், கண்ணயர்தல் என்னும் பொருளுடைய இரு டச்சுச் சொற்களின் சேர்க்கை. இன்று உலகெங்கும் காணப்படும் 'புலன் அறை'களின் தாய் அதுவே.

தமிழ் மண்ணிலும் இத்துறையில் உழைத்தவர்கள் உண்டு. சென்னையில் 1989-ஆம் ஆண்டு அம்பிகா காமேஷ்வர் நிறுவிய 'ராசா' எனப்படும் ரமண சுந்ருத்ய ஆலயா, நாட்டியம், பாட்டு, கதை, நாடகம் ஆகியவற்றைக் கொண்டு சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் முறையை உருவாக்கியது. அங்குப் பிள்ளைகள் பார்வையாளராக மட்டுமல்லாமல் ஆடுவோராகவும் இருக்கிறார்கள். இங்கிலாந்து நடிகை கெல்லி ஹன்டர், ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு விளையாட்டாக நடத்துகிறார். வட்டமாக அமர்ந்து, நெஞ்சில் கை வைத்து, இதயத்துடிப்பின் தாளத்தில் வணக்கம் சொல்வதோடு அது தொடங்கும். அதற்கு மின்சாரமே தேவையில்லை. தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுமுன் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தொழில்நுட்பம் எங்கே வருகிறது?

'சூழ்ந்துகொள்ளும் தொழில்நுட்பம்' என்றதும் கண்களை மூடும் மெய்நிகர்க் கண்ணாடிதான் பலருக்கு நினைவு வரும். உண்மையில் அது ஒரு வகை மட்டுமே. கற்றல் சிக்கலுடைய பார்வையாளருக்கு உதவுபவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒளி. புரொஜெக்டர் வழியாகச் சுவரிலும், தரையிலும், தொங்கும் துணியிலும் காட்சியை விழச் செய்வது. வசனத்தால் 'இது காடு' என்று சொல்வதைவிட, சுற்றிலும் இலைகள் அசைந்தால் சொல் புரியாத பிள்ளைக்கும் இடம் புரியும். நெதர்லாந்தில் உருவான 'தோவர்தாஃபல்' என்னும் மாயமேசை, மேசைமீது பூக்களையும் மீன்களையும் ஒளியால் வரைகிறது. கையை நீட்டினால் அவை விலகும். முதலில் முதியோருக்காகச் செய்யப்பட்டது. பிறகு கற்றல் சிக்கலுடையோருக்கும் பயன்பட்டது.

இரண்டாவது, உணரி. 'சவுண்ட்பீம்' என்ற கருவி, செவிக்கு எட்டாத ஒலியலையை அனுப்பி, எதிரே அசையும் கையின் தூரத்தை அளந்து இசையாக மாற்றும். விரலை மட்டுமே அசைக்க முடிந்த பிள்ளையும் இசையமைக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2010-இல் வெளியிட்ட 'கினெக்ட்', விளையாட்டுக் கருவியாக வந்தது. உடல் அசைவைப் படிக்கும் அதன் ஆற்றலால் சிறப்புக் கல்வி வகுப்புகளிலும் இடம் பிடித்தது. அதன் உற்பத்தி 2017-இல் நின்றுவிட்டாலும், அதே பணியை இன்று மடிக்கணினியின் கேமராவே செய்துவிடுகிறது.

மூன்றாவது, அதிர்வு. மரப்பலகைக்கு அடியில் ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்தால், மேலே படுத்திருக்கும் பிள்ளை இசையை முதுகால் கேட்கும். காதுக்குத் தொல்லையில்லை.

நான்காவதுதான் மெய்நிகர்க் கண்ணாடி. 2014-இல் கூகள் அட்டைப் பெட்டியாலான மலிவான ஒன்றை அறிமுகப்படுத்தியபோது பலரும் மகிழ்ந்தனர். ஆயினும், தலையில் எதையும் அணிய விரும்பாத பிள்ளைக்கு அது பயன்படாது. தலைசுற்றலும் வரக்கூடும். அக்கண்ணாடிகளைச் செய்யும் நிறுவனங்களே வயது வரம்பு விதிக்கின்றன. மேலும், கண்ணாடிக்குள் போனவன் தனியன். நாடகமோ கூடிப் பார்ப்பது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கற்றல் சிக்கலுடையோரிடையே வலிப்பு நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் வெட்டும் ஒளி ஆபத்தாகலாம். ஆதலால் மின்னும் விளக்குகளை அறவே தவிர்ப்பது நலம்.

இந்நான்கையும் ஆராய்ந்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல தொழில்நுட்பம் என்பது அதிகமாகக் காட்டுவது அன்று, பிள்ளையின் கையில் கட்டுப்பாட்டைக் கொடுப்பது. இடி தானாக முழங்கினால் அது அச்சம். அவன் தொடும்போது முழங்கினால் அது விளையாட்டு.

தோட்டத்தில் ஒரு விடியற்காலை

படித்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்று, 2024-ஆம் ஆண்டு பருவ விடுமுறையில் நண்பர்கள் ஐவர் கூடினோம். எங்கள் தோட்டத்துப் பொது மண்டபத்தில், சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் எழுவருக்காக இருபத்தைந்து நிமிட நாடகம். பெயர் 'விடியற்காலை'. கதை மிக எளியது: மணி அடிக்கிறது, அம்மா விளக்கைத் தலையில் கட்டுகிறார், மரம் வெட்டுகிறார், மங்கில் பால் சொட்டுகிறது, பறவை எழுகிறது, வெயில் வருகிறது, வீடு திரும்புகிறார்.

வெள்ளை வேட்டிகளைக் கயிற்றில் கட்டிச் சுவராக்கினோம். இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ரப்பர் மரங்களைக் காட்டினோம். அவை எங்கள் தோட்டத்திலேயே கைப்பேசியில் எடுத்தவை. ரப்பர் கொட்டைகளைத் துணிப்பையில் கொடுத்தோம். அவற்றைச் சிமெண்டுத் தரையில் தேய்த்தால் சூடேறும். அந்த விளையாட்டை நம்மில் யார்தான் மறப்பர்?

பொறியியல் படிக்கும் நண்பர் 'மேக்கி மேக்கி' என்ற சிறு பலகையைக் கொண்டு வந்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாகி 2012-இல் வெளிவந்தது அது. கணினியோடு இணைத்து, ஒரு கம்பியை நாம் பிடித்துக்கொண்டு இன்னொரு கம்பி தொட்ட பொருளைத் தொட்டால், மிகச் சிறு மின்னோட்டம் நம் உடல் வழியே சுற்றை நிறைவு செய்யும்; கணினி ஒலி எழுப்பும். உணரவே முடியாத அளவு மின்சாரம் என்பதால் ஆபத்தில்லை. பால் வாளியைத் தொட்டால் சொட்டும் ஒலி, தகரத்தைத் தொட்டால் மணியோசை என்று அமைத்தோம்.

நாங்கள் செய்த பிழைகள் பல. தரையில் ஆற்றை ஒளியால் ஓடவிட்டோம். ஒரு பிள்ளையும் காலை வைக்கவில்லை. உண்மையான நீர் என்று நினைத்துவிட்டனர்! பிறகு அதையே வேட்டிச் சுவருக்கு மாற்றி, முதலில் கையை வைக்கச் செய்தோம். அட்டைக் கண்ணாடியைக் கொடுத்தோம். முதலாமவன் வீசி எறிந்தான், இரண்டாமவள் அழுதாள். உடனே பெட்டியில் வைத்துப் பூட்டினோம். ஒட்டுப்பாலை மூடியுள்ள தகரத்தில் கொண்டு வந்தோம். மூடியைத் திறந்ததும் ஒரு பையன் வாசலுக்கே ஓடிவிட்டான். அவனுடைய அப்பா மட்டும் சிரித்தபடி, "எனக்கும் இந்த வாடை புடிக்காதும்மா. முப்பது வருசமா மோந்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

என் தம்பி முதல் பத்து நிமிடம் வாசலில்தான் நின்றான். யாரும் அவனை அழைக்கவில்லை. கதவும் திறந்தே இருந்தது. பிறகு மெதுவாக வந்து தகரத்தைத் தொட்டான். மணி அடித்தது. கையை எடுத்தான், நின்றது. மீண்டும் தொட்டான். அதை எத்தனை முறை செய்தான் என்று நான் எண்ணவில்லை. அவன் நிறுத்தும் வரை 'அம்மா' வேடமிட்ட தோழி மரத்தடியிலேயே காத்திருந்தாள்.

பறவை எழும் காட்சிக்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். பறவையொலிக்கான கம்பியைப் பெற்றோரிடம் கொடுத்தோம். பிள்ளை இன்னொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு பெற்றோரின் கையைத் தொட்டால் பறவை கூவும். மனிதர்கள் கைகோத்து நின்றாலும் மின்சுற்று நிறைவாகும் என்பதே அதன் சூட்சுமம். தம்பியை யாராவது தொட்டால் அவனுக்குப் பிடிக்காது. அம்மாவும் அனுமதி கேட்டுத்தான் தொடுவார். அன்று அவன் கம்பியைப் பார்த்தான், அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தான், ஒரு விரலால் தொட்டான். பறவை கூவியது. மறுபடியும் தொட்டான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டியபடியே அமர்ந்திருந்தார். நாடகம் முடிந்து நாங்கள் வேட்டிகளை மடிக்கும்போது, "இந்த நாடகத்த கடைசி வரைக்கும் பாத்தேன்ல" என்றார். அவ்வளவுதான்.

இது சலுகையா, உரிமையா?

ஐக்கிய நாடுகள் சபை 2006-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் விதி, தொலைக்காட்சி, திரைப்படம், நாடகம் ஆகியவற்றை அவர்கள் அணுகக்கூடிய வடிவில் பெறுவது உரிமை என்று கூறுகிறது. மலேசியா அதனை 2010-இல் ஏற்புறுதி செய்தது. அதற்கு முன்பே நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பண்பாட்டு வாழ்வில் பங்குபெறும் உரிமையை எடுத்துரைத்துள்ளது. பள்ளிக் கல்வியிலும் 2019 முதல் 'எவரையும் மறுக்காத கொள்கை' நடப்புக்கு வந்தது. வகுப்பறையில் மறுக்கக்கூடாத பிள்ளையை மண்டபத்தில் மட்டும் மறுக்கலாமா?

இஸ்தானா புடாயா போன்ற பேரரங்குகள் தலைநகரில் உள்ளன. கூலிமிலும் பாடாங் செராயிலும் சுங்கை பட்டாணியிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு நாடகம் என்றால் பள்ளி மண்டபமும் கோயில் மண்டபமும்தான். அதை ஒரு குறையாகவே இதுவரை எண்ணி வந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. ஆறு பிள்ளைகளுக்கான நாடகத்திற்குப் பேரரங்கம் வேண்டியதில்லை, வகுப்பறையே போதும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்தவர்கள் நம் முன்னோர். அந்தத் துணியை மறுபடியும் கட்டுவது நமக்குக் கடினமா?

நம் கழகம் ஆண்டுதோறும் நாடக இரவு நடத்துகிறது. அதில் நடித்த முன்னாள் மாணவர்கள் பலர் இன்று ஆசிரியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறீர்கள். உங்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். மேடையேறும் நாடகத்திற்கு ஒரு பிற்பகல் காட்சியை இளகிய காட்சியாக ஒதுக்குவோம். விளக்கைப் பாதியளவு எரிய விடுவோம். கதவைப் பூட்ட வேண்டாம். மண்டபத்தின் படங்களையும் கதைச் சுருக்கத்தையும் ஒரு வாரம் முன்னதாகவே குடும்பங்களுக்கு அனுப்புவோம். ஓய்வெடுக்க ஒரு சிற்றறை, பாய் இரண்டு, காது மூடிகள் சில வைப்போம். நாடகம் தொடங்குமுன் ஒரு கட்டியங்காரன் வந்து, எங்கே சத்தம் வரும் என்பதைச் சொல்லட்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. உணரிகளையும் ஒளிச் சுவர்களையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பொறியியல் துறை நண்பர்களோடு சேர்ந்து கட்டிக்கொள்ளலாம்.

2018-இல் நான் எழுப்பாத கேள்விக்கு இன்று என்னால் விடை சொல்ல முடிகிறது. அன்று தவறு தம்பியினுடையது அன்று. அந்தப் பொறுப்பாளருக்கு வேறு வழி எதுவும் சொல்லித் தரப்படவில்லை. மண்டபத்திலும் வேறு வழி இல்லை. அடுத்த நாடக இரவில் வாசலில் நிற்கும் பொறுப்பை நான் ஏற்கத் தயார். யாராவது ஒரு பிள்ளை கத்தினால், அவனுடைய அம்மாவிடம் சென்று நான் சொல்ல வேண்டியதைப் பழகி வைத்திருக்கிறேன்: "பரவாயில்லைங்கம்மா, இருங்க. நாங்க சத்தத்த கொறச்சிக்கிறோம்."